சவரிமுத்து ஐயாவின் குரலை நான் பதிவு செய்த லட்சணம்

உதவி செய்கிறேன் என்று கூப்பிடாமலே ஓடி வருகிறவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவனாகவும் இருந்துவிட்டால் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவன் நான்தான்.

செல்போனை நீட்டினால் பாட்டு, படம் எல்லாம் பதிவாகும் காலம் இன்னும் வரவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோ சான்றிதழோடு கிளம்பி வந்து, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்திருந்தேன். (எளிதான வேலை. மிஷின் நின்றால் நான் ஓட வேண்டும். மிஷின் ஓடினால் நான் நிற்கலாம்.) குடியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில். சவரிமுத்து ஐயா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் கடைசி அறை. அறையைப் பகிர்ந்துகொண்டவன் இசக்கி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வெல்டர். ஊரில் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகளில் டோலக் வாசித்தவன் என்பதால், தட்டு, வாளி, என் முதுகு என்று எது கிடைத்தாலும் தாளம் போடுவான்.

சவரிமுத்து ஐயா செங்கல் சூளை லாரி ஓட்டியவர். சூளையும் அவருடைய கொல்லை நிலமும் ஒரு கம்பெனியின் பெரிய மதில் சுவருக்குள் போய்ச் சேர்ந்தபின், வந்த பணத்தில் எங்களைப் போன்ற தெற்கத்திப் பையன்களுக்கு அறைகளைக் கட்டிவிட்டு, ஸ்டியரிங் பிடித்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரி ஓட்டிய காலத்தில் அவர் ஹாரன் அடித்ததே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் கொடுத்தால் எதிரே வரும் மாட்டு வண்டி தானாகவே ஓரம் கட்டிவிடுமாம்.

அந்தக் குரல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மாதா கோயிலில் பாடும். பெரிய வெள்ளிக்கிழமை மாலை அவர் ஒப்பாரிப் பாட்டு எடுத்தால், எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட டம்ளரைக் கீழே வைத்துவிடுவான். நான் வைத்திருக்கிறேன். எனக்கும் அந்தக் கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நின்று கேட்டேன், டீ ஆறிப்போனது, அவ்வளவுதான்.

அந்தத் தொண்டையில்தான் வந்தது. முதலில் சளி என்றார்கள். கஷாயம், மிளகு, தேன் எல்லாம் ஆயிற்று. பிறகு சென்னை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். குரல் போய்விடும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு.

அவர் மனைவி ஆரோக்கியமேரி அம்மா இதைக் கேட்டுவிட்டு வந்து, வாசலில் மீன் கழுவிக்கொண்டே எங்களிடம் சொன்னார்: "பேச்சு போனா போவட்டும் தம்பி. ஆள் கண்ணெதிர கீறாரே, அது போறும். அவரு பேசி இன்னாத்த கிழிச்சாரு?" சொல்லிக்கொண்டே, கழுவின மீனையே திரும்பக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

மகள் ஸ்டெல்லா கார் ஒயரிங் கம்பெனியில் லைனில் இருந்தாள். ஷிப்டு முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஒரு யோசனை சொன்னாள். "ஆப்ரேசனுக்கு முன்னாடி அப்பா பாட்ட ஒரு கேசட்ல புட்ச்சி வெச்சிக்கலாம்மா. நம்ம டூ-இன்-ஒன்னுலயே பதிஞ்சிடலாம்."

நல்ல யோசனை. எளிய யோசனை. ஒரு பட்டனை அழுத்தினால் முடிகிற காரியம். அங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன்.

"கேசட்டா?" என்றேன். நிமோனியாவுக்கு விபூதி போடுகிறவர்களைப் பார்க்கிற பார்வை பார்த்தேன். "கேசட்டுல பதிஞ்சா நாளாக நாளாக அழிஞ்சிரும்மா. நம்மகிட்ட கம்ப்யூட்டர் இருக்குல்லா? அதுல பதிஞ்சா சாவே கெடையாது."

சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு பெரிய வேலை கிடைக்கவில்லையே என்று எனக்கு ஏக்கம். சீட்டு விளையாடத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு சிடியில் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று கிடைத்திருந்தது. (எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் கிடைத்தது.) அதில் பாடுகிறவர் ஒரு வரி, ஆர்மோனியம் ஒரு வரி, டோலக் ஒரு வரி என்று தனித்தனி டிராக்காகப் பதியலாம். பிறகு வேண்டியதை ஏற்றி, வேண்டாததை இறக்கலாம். ஆனால் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் செருக முடியும். எல்லாரும் ஒரே சமயத்தில் பாட, வாசிக்க, ஒவ்வொருவரும் தனி டிராக்கில் விழ வேண்டுமென்றால் அதற்கென்று விலை அதிகமான கருவி உண்டு. அது என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது மூளை. பழைய சவுண்டு கார்டுகள் மூன்றை வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து நான்கு கார்டு, நான்கு மைக், நான்கு டிராக் என்று பூட்டினேன். நான்கும் மாமியார் மருமகள் போல ஒன்றையொன்று வேலை செய்ய விடவில்லை. அவற்றைச் சமாதானம் செய்யவே பல நாள் ஆயிற்று.

ஸ்டெல்லாவுக்கு நம்பிக்கை இல்லை. "இன்னாத்துக்குண்ணா இவ்ளோ வேல? அப்பா குரல் வந்தா போறும் எங்களுக்கு."

"குரல் மட்டும் போதாதும்மா, குவாலிட்டி வேணும்" என்றேன்.

சவரிமுத்து ஐயா அப்போதே மெல்லத்தான் பேசுவார். சொல்லுக்குச் சொல் மணல் உரசும். "வுடு ஸ்டெல்லா. படிச்ச புள்ள சொல்லுது. அது சொல்ற மாதிரியே செய்வோம்" என்றார். அவர் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். நம்பினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்ற நிலையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்தார்கள். அறையைப் பார்த்து ஆரோக்கியமேரி அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். எதிரொலி வரக் கூடாது என்று பரோட்டா கடையில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தேன். ஜன்னலில் போர்வை. அட்டைகளோடு வந்த கரப்பான்களும் தங்கள் பங்குக்கு அங்கங்கே ஒட்டியிருந்தன. மணல் நிரப்பிய வாளிகளில் துடைப்பக் கட்டைகளை நட்டு, கட்டை நுனியில் மைக்குகளைக் கட்டியிருந்தேன்.

"இன்னா தம்பி இது, கோழிப் பண்ண மாதிரி கீது?" என்றார் அம்மா.

"ஸ்டுடியோம்மா" என்றேன்.

முதல் மைக் ஐயாவுக்கு. இரண்டாவது அவருக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு. பல்லவியைக் கூடப் பாட. மூன்றாவது கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் சேவியருக்கு. நான்காவது இசக்கியின் டோலக்குக்கு. மற்ற மூன்று கார்டும் பழையவை என்பதால், இருப்பதிலேயே நம்பகமான, கம்ப்யூட்டரோடு கூடவே வந்த கார்டில் ஐயாவின் மைக்கைச் செருகினேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

சோதித்துப் பார்த்தேன். ஐயா மெதுவாக "மாதாவே" என்றார். திரையில் பச்சைக் கோடு துள்ளியது. அம்மா, சேவியர், இசக்கி, எல்லாருக்கும் துள்ளியது. இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சோதித்தேன். எல்லாம் வேலை செய்தது.

அப்போது கரண்ட் போனது.

சித்திரை வெயில். ஜன்னலில் போர்வை. உள்ளே ஐந்தாறு பேர். ஐயா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், மூக்கால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார். குரலைச் சேமிக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அவரிடம் பேசவில்லை. டாக்டர் தொண்டையை வருத்தவே கூடாது என்றிருந்தார். இன்றைக்கு மட்டும் என்று இவர் திருட்டுத்தனமாகப் பாட வந்திருந்தார்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தன்னை முழுக்கப் பரிசோதித்துக்கொண்டு, நிதானமாக எழுந்தது. மறுபடி ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"ஐயா, ஒரு ஹலோ சொல்லுங்க."

"அவர ஹலோ ஹலோன்னு கத்த வுடாதப்பா" என்றார் அம்மா. "இருக்கறது கொஞ்சம். பாட்டுக்கு வெச்சிக்கட்டும்."

நியாயம்தானே. விட்டுவிட்டேன். (மைக்கை நான் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம். கம்பெனியில் கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு மிஷினையும் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.)

பதிவைத் தொடங்கிவிட்டு இரண்டு காரியம் செய்தேன். மானிட்டரிலிருந்து 'ங்ஙொய்' என்று ஒரு இரைச்சல் மைக்கில் ஏறும். அதனால் மானிட்டரை அணைத்தேன். பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். அதில் எந்தச் சத்தமும் வராது. அதற்கு இணைப்பே கொடுக்கவில்லை. பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் மாட்டியிருப்பார்கள் என்று மாட்டிக்கொண்டேன். ஆக, கண்ணும் இல்லை, காதும் இல்லை. முகத்தில் மட்டும் முழுத் தெளிவு.

கை அசைத்து ஆரம்பிக்கச் சொல்லப் போனபோது கதவோரம் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்டெல்லா டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்து, பட்டனை அழுத்தியிருந்தாள். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"மோட்டார் சத்தம் டிராக்குல விழும்மா" என்றேன்.

"ஓரமாத்தானேண்ணா கீது. இருக்கட்டுமே, ஒரு இதுக்கு."

நான் எழுந்து போய் அந்த ஒயரை பிளக்கிலிருந்து பிடுங்கினேன். என் கையால் பிடுங்கினேன். அவள் அதை மூடி வைத்தாள்.

ஐயா எழுந்து நின்றார். உட்கார்ந்து பாடிப் பழக்கமில்லை அவருக்கு. முதலில் ஒரு மாதா பாட்டு. பழைய உயரத்துக்குக் குரல் போகவில்லை. போகாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மேலே போகும் இடங்களை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கீழேயே நடந்தார். அந்தக் கீழ்க் குரலில் கனம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்து, துடைத்த பக்கத்தை உள்ளே வைத்துச் சட்டென்று மடித்தார். நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது, பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு. மகனை மடியில் கிடத்திக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்து காற்றானது. நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த அடியை மறுபடி எடுத்து, முடித்தார். சேவியர் ஆர்மோனியத்தை மூடாமல் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வாடகைப் பையன்கள் துவைத்த துணியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐயா உட்கார்ந்து, என்னைப் பார்த்து, போதுமா என்பதுபோலக் கையைத் திருப்பினார்.

"சூப்பர் ஐயா" என்றேன். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மானிட்டரைப் போட்டேன்.

திரை மெல்ல வெளிச்சமானது. இரண்டாவது டிராக்கில் மலையும் மடுவுமாகக் கோடு. மூன்றாவதில் மலையும் மடுவும். நான்காவதில் டோலக் அடித்த இடமெல்லாம் ஈட்டி ஈட்டியாக. முதல் டிராக்கில், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, ஒரு நேர்க்கோடு. ஆஸ்பத்திரியில் ஆள் போனதும் அந்தப் பெட்டியில் ஓடுமே, அந்தக் கோடு.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டரோடு வந்த அந்த நம்பகமான கார்டுக்கு ஒரு குணம். அணைந்து எழுந்தால் நாம் சொல்லி வைத்ததை மறந்துவிடும். மைக்கைக் கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் காலியாக இருக்கும் இன்னொரு ஓட்டையைக் கேட்கப் போய்விடும். ஐயா பாடிய நேரமெல்லாம் அது அந்தக் காலி ஓட்டையைத்தான் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"இன்னா தம்பி, போடு கேப்போம்" என்றார் அம்மா.

 பாட்டை ஓட்டி ஸ்பீக்கரில் சவுண்டை ஏற்றினேன், ஏதோ அதிசயம் நடக்கும் என்று. ஆர்மோனியம் வந்தது. டோலக் வந்தது. அம்மாவின் குரல் முழு வீச்சில் வந்தது. பல்லவியை அம்மா பாடி முடித்ததும் சரணம். சரணத்தில் ஆர்மோனியம் மட்டும் யாருக்கோ வழி விட்டு நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் மைக்கில் ஓரமாக ஏதோ முணுமுணுப்பு, பக்கத்து வீட்டு ரேடியோ போல. அந்த வெற்றிடத்தில், எல்லாவற்றையும்விடத் தெளிவாக, ஸ்டுடியோ தரத்தில், இசக்கி சேவியரிடம் கிசுகிசுத்தது கேட்டது: "அண்ணாச்சி, பசிக்கி. இன்னும் எத்தன பாட்டு?"

இசக்கி டோலக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

 அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "அவரு எங்க?" என்றார். "அவரு பாட்டு எங்க தம்பி?" ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தரையில் கிடந்த அந்த ஒயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சவரிமுத்து ஐயா எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். அந்த நேர்க்கோட்டின் மேல் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தார்.

"இது நானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, மிச்சமிருந்த குரலில், நிதானமாகக் கேட்டார்:

"ஆப்ரேசன் இனிமேதானப்பா? நீ இன்னா, அதுக்குள்ள எட்த்துட்ட?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கப் பார்த்து, இருமினார். நான் அழுதுவிட்டேன். மூக்கு ஒழுக, கழுத்தில் ஹெட்போனோடு, முட்டை அட்டைகளுக்கு நடுவே நின்று, கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆள் அழுதேன்.

"அழாத தம்பி. இன்னொரு வாட்டி பாடிட்டா போச்சு" என்று தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். ஸ்டெல்லா ஓடிப்போய் டூ-இன்-ஒன்னை எடுத்து வந்தாள். இந்தத் தடவை ஒயரை நானே செருகினேன். அவள் பட்டனை அழுத்தினாள். ஐயா நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தார். காற்று. கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா எழுந்து அவர் நெஞ்சில் கையை வைத்து, "போறும். உக்காரு" என்றார். ஸ்டெல்லா பட்டனை நிறுத்தினாள். அவரிடம் குரல் இருந்தது அன்றைக்கு மூன்று பாட்டுக்குத்தான். அந்த மூன்றையும் காலி ஓட்டைக்குக் கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் அவர்களோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டேன், வரிசையில் நின்றேன், ரத்தம் கொடுத்தேன். (என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. வேறு யாருக்கோ போயிற்று. அதிலும் தப்பான இணைப்பு.) ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் கழுத்துத் துளையோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், படுத்தபடியே கைகளைக் குவித்து டாக்டருக்கு வைக்கிற மாதிரி ஒரு கும்பிடு போட்டார். பக்கத்தில் நின்ற நிஜ டாக்டர் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு தலையசைத்தார். அன்றைக்குத்தான் ஸ்டெல்லா முதல் தடவையாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் டாக்டர்.

இந்தக் கும்பிடு என்னைத் தூங்கவிடவில்லை. அம்மாவின் மைக்கில் கேட்ட அந்த முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது. ஐயாவுக்குப் பக்கத்திலேயே நின்றவர் அம்மா. ஐயாவின் குரல் அங்கே கொஞ்சம் சிந்தியிருந்தது. கம்பெனி விட்டு வந்தால் அதுதான் வேலை. ஆர்மோனியத்தைத் தணித்தேன். டோலக்கை முழுவதும் ஒதுக்கினேன். (நான்கு கார்டும் நான்கு கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஓடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது பாட்டில் இசக்கியின் தாளம் ஒரு எட்டு பின்னால் வந்தது. அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வருவான் என்பதால் நான் முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவில்லை.) அந்த முணுமுணுப்பைச் சுரண்டிச் சுரண்டி மேலே கொண்டுவந்தேன். ஒவ்வொருவரையும் ஏற்றலாம், இறக்கலாம் என்றுதானே நான்கு மைக் வைத்தேன்? யாரை வேண்டுமானாலும் ஏற்ற முடிந்தது, இறக்க முடிந்தது. ஐயாவை மட்டும் முடியவில்லை. அவரை ஏற்றினால் அம்மாவும் ஏறினார். அம்மாவை இறக்கினால் அவரும் போனார்.

கடைசியில் ஒரு சிடி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஐயா அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். கழுத்தில் ஒரு மெல்லிய துணி. அவர் உதட்டை அசைப்பார். அம்மா சத்தம் கொடுப்பார். டப்பிங் போல நடந்துகொண்டிருந்தது குடும்பம். "காப்பி வோணுமாம்", "ஃபேன நிறுத்தச் சொல்றாரு" என்று அவர் சொன்னதும் சொல்லாததுமாக அம்மா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

சிடியைப் போட்டேன். முன்னால் அம்மா, முழங்கிக்கொண்டு, அங்கங்கே சுதி பிசகி. அம்மாவுக்குப் பின்னால், கிணற்றுக்கு அடியிலிருந்து, ஐயா. காதைக் கொடுத்துக் கேட்டால் சொல் புரியும். பெரிய வெள்ளிப் பாட்டில் குரல் உடைந்து நின்று மறுபடி எடுத்த இடத்தில் அம்மா பாடவில்லை. அங்கே ஆர்மோனியமும் நின்றிருந்தது; அவர் தனியாக இருந்தார்.

ஐயா முழுக்கக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல."

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்றாள். அவர் மறுபடி அசைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "கல்யாணம் ஆனதுலேந்து இப்டித்தானாம்ணா. அம்மா மேல, அவரு கீழயாம்."

"ஆமா, இவரு வாயில்லாப் பூச்சி" என்று ஆரம்பித்த அம்மா, சொல்லிவிட்ட சொல்லைக் கேட்டு நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஐயா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு எப்படியிருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் செய்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார்; பாட்டு வரும்போது எழுந்து நின்று உதட்டை மட்டும் அசைப்பார். எனக்கும் கல்யாணமாகி, ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறினேன். குடியிருப்பு மட்டும் அந்த ஊரைவிட்டு மாறவில்லை.

அவர் இறந்தது நெஞ்சுவலியில். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். கோயிலுக்கு எடுக்கும் முன் அந்தச் சிடியைப் போட வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. போட்டேன். அம்மாவின் குரல் கூடம் முழுக்க முழங்கியது. வந்தவர்கள் ஐயாவைக் கேட்பதற்காக ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார்கள்.

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "டாக்டர், என் சத்தத்த கொறப்பா. அவரு கொரலு கேக்கட்டும்."

குனிந்து அம்மாவின் காதில் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா விழுந்திருக்கு. உங்கள கொறைச்சா ஐயாவும் போயிருவாரு."

அம்மா ஸ்பீக்கரைப் பார்த்தார். "அப்ப நான் கத்திக்கினே கெடக்கறேன். அப்டியே வுடு" என்றார்.

மணிமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையை வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு என்னிடம் திரும்பினார். "கடைசியா இன்னா ஊசி போட்டீங்க டாக்டர்?"

 ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். இசக்கி (அவனும் வந்திருந்தான், தாமதமாக) சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவன் ஊசி போடற டாக்டர் இல்லப்பா. ஆப்ரேசன் டாக்டர்" என்று ஆரம்பித்து, முட்டை அட்டையிலிருந்து நேர்க்கோடு வரை, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே முழுக்கதையும் சொன்னார். ஐயா சொன்ன அந்த வரி வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஐயா மாதிரியே சொன்னார். சாவு வீடு என்பதை மறந்து சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே அழுகை மறுபடி தொடங்கியது.

இப்போதும் கிறிஸ்துமஸ், கல்யாணம், காதுகுத்து எதற்கு அந்த வீட்டுக்குப் போனாலும் நான் டாக்டர்தான். புதிதாகப் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் யாராவது முழங்காலைக் காட்டி மாத்திரை கேட்பார்கள். உடனே கதை தொடங்கிவிடும். போன தடவை சொன்னது ஸ்டெல்லாவின் சின்ன மகள். தாத்தா பேசிக் கேட்டவளே இல்லை. ஒரு கையைத் தொண்டையில் வைத்து, மறு கை விரலைக் காற்றில் நேர்க்கோடாக இழுத்து, "ஆப்ரேசன் இனிமேதானப்பா? நீ இன்னா, அதுக்குள்ள எட்த்துட்ட?" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி அம்மா மட்டும் கைதட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிச் சொல்லுமா" என்றார். "ஒங்க தாத்தா கொரலு கனமா இருக்கும்."